அலாரம் அடித்தது, லாக்கில் 4 பிபிஎம்: ஒரு கேஸ் டிடெக்டர் பதிவின் நிகழ்வு ஆய்வு

கழிவுநீர் இறைப்பு நிலையம் ஒன்றில், சேகரிப்புக் கிணற்றை ஒட்டிய வால்வு அறைக்குள் இருவர் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள். சிக்கிக்கொண்ட நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்ற வேண்டும். மேலே ஒருவர் காவலுக்கு நின்றார். இறங்கியவர்களில் ஒருவரின் மார்பில் நான்கு வாயு டிடெக்டர் இருந்தது: எரிவாயுவுக்கு எல்.இ.எல். (காற்றில் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவு), ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு (அழுகும் கழிவுநீரிலிருந்து வரும் நச்சு வாயு). வேலை பாதியில் அலாரம் அடித்தது, இருவரும் ஏறி வெளியே வந்துவிட்டார்கள். ஒருவருக்குக் கண் எரிச்சலும் தலைவலியும். அதற்குமேல் பாதிப்பில்லை.

மறுநாள் மேற்பார்வையாளர் கருவியைக் கணினியில் மாட்டிப் பதிவை இறக்கினார். ஹைட்ரஜன் சல்பைடு அன்று முழுக்கத் தொட்ட உயர்ந்த அளவு 4 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 4 பங்கு. கீழ் அலாரமோ 5 பிபிஎம்மில் வைக்கப்பட்டிருந்தது. அந்த 4 விழுந்த வரியின் நேரம் 11:35. பெர்மிட் (வேலை அனுமதி) தாளின்படி இருவரும் 10:54-க்கே வெளியே வந்துவிட்டார்கள். ஆக்சிஜன் 20.9-ஐ விட்டு அசையவே இல்லை. இவ்வளவையும் பார்த்துவிட்டு, “வாக்கி-டாக்கி அலையால் வந்த பொய் அலாரம்” என்று எழுதிக் கோப்பை மூடினார். இறங்கியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கோப்பு என்னிடம் வந்தது அப்படித்தான்.

மேற்பார்வையாளரின் முடிவு கவனக்குறைவால் வந்தது அல்ல. கையில் இருந்த தாளை வைத்துக்கொண்டு யார் பார்த்தாலும் அங்கேதான் போய்ச் சேருவார்கள். கோளாறு தாளுக்கு முந்தைய கட்டத்தில் இருந்தது. எதைப் பதிய வேண்டும், எத்தனை வினாடிக்கு ஒருமுறை, எந்த நேரத்தோடு என்பதெல்லாம் கருவி அறைக்குள் போவதற்கு வெகு முன்பே முடிவாகிவிட்டிருந்தன. முடிவு செய்தவர் என்று யாரும் இல்லை, வாங்கி வந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

கருவியைத் தொடுவதற்கு முன்

சம்பவத்தில் இருந்த கருவி கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது கேலிபரேஷன். “சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே” என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கேலிபரேஷன் கருவியைத் திருத்திவிடும். சம்பவத்தன்று அது எப்படி இருந்தது என்பதற்கான சான்று அத்தோடு போய்விடும். நல்லவேளையாக இங்கே யாரும் அதைச் செய்திருக்கவில்லை.

செய்த வரிசை இது. முதலில் கருவியின் திரையையும் கணினியின் கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுத்துக்கொண்டோம். பிறகு தரவுப் பதிவு, நிகழ்வுப் பதிவு, அமைப்பு விவரம் மூன்றையும் இறக்கி, மூலக் கோப்பாகவே தனியே வைத்தோம். அமைப்பில் எதையும் மாற்றவில்லை. பதிவு இடைவெளியை மாற்றினால் பழைய பதிவு அழிந்துபோகும் கருவிகளும் உண்டு. அதன் பிறகுதான் பம்ப் டெஸ்ட் (bump test) என்று சொல்லும் வாயு காட்டும் சோதனை, திருத்தம் எதுவும் செய்யாமல். உருளையில் ஹைட்ரஜன் சல்பைடு 25 பிபிஎம், கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம், மீத்தேன் 50 சதவீத எல்.இ.எல்., ஆக்சிஜன் 18 சதவீதம், மீதி நைட்ரஜன். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓட்டம். ஹைட்ரஜன் சல்பைடு 24 காட்டியது, மற்ற மூன்றும் ஏற்கத்தக்க எல்லைக்குள் நின்றன. வாக்கி-டாக்கியைக் கருவிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பலமுறை அழுத்திப் பேசிப் பார்த்தோம். எண் எதுவும் நகரவில்லை.

சென்சார் நலமாக இருக்கிறது, வானொலி அலைக்கு அது மசியவில்லை. அப்படியென்றால் அலாரம் எதற்கு அடித்தது?

300 வினாடிச் சராசரி

இப்படிப்பட்ட கருவிகள் பலவற்றில் இரண்டு பதிவுகள் தனித்தனியே ஓடும். ஒன்று தரவுப் பதிவு, குறித்த இடைவெளியில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு வரி எழுதும். இன்னொன்று நிகழ்வுப் பதிவு, அலாரம், பேட்டரி இறங்குதல் போன்ற நிகழ்வு நடந்தால் மட்டும் எழுதும்; அலாரம் என்றால் தொடங்கிய நேரம், நீடித்த நேரம், தொட்ட உச்சம் ஆகியவற்றைக் குறிக்கும். மென்பொருள் வரைபடமாகக் காட்டுவது பெரும்பாலும் முதலாவதைத்தான். மேற்பார்வையாளர் அச்சிட்டதும் அதைத்தான். இரண்டாவது பதிவு வேறொரு தாவலில் இருந்தது, யாரும் திறக்கவில்லை.

திறந்தால் சம்பவ நாளுக்கு ஒற்றை வரி: ஹைட்ரஜன் சல்பைடு, உயர் அலாரம், தொடக்கம் 11:34:05, நீடித்தது 67 வினாடி, உச்சம் 38 பிபிஎம்.

அமைப்பு விவரத்தில் தரவுப் பதிவின் இடைவெளி 300 வினாடி, வகை ‘சராசரி’. ஒரு நிமிடமே இருந்துவிட்டுப் போகும் வாயு வீச்சை ஐந்து நிமிடத்தின் மேல் பரப்பினால் என்ன மிஞ்சும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அளவு 20 வினாடியில் பூஜ்யத்திலிருந்து 38-க்கு ஏறி, 10 வினாடி அங்கே நின்று, பிறகு ஒரு நிமிடம்போலத் தேய்ந்து இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது சேர்வது 380 பிபிஎம்-வினாடி, நின்றபோது 380, இறங்கும்போது ஏறக்குறைய 740. மொத்தம் 1500. அதை 300-ஆல் வகுத்தால் 5.

லாக்கில் 5 இல்லையே என்றால், வீச்சு இரண்டு இடைவெளிகளில் விழுந்திருந்தது. இந்தக் கருவி ஒவ்வொரு வரிக்கும் இடைவெளி முடியும் நேரத்தைக் குறிக்கிறது. 11:35 என்ற வரி 11:30 முதல் 11:35 வரைக்கும் உரியது. வீச்சின் பெரும்பகுதி அதில் அடங்கியது, வால் மட்டும் அடுத்ததில். 11:35 வரியில் 4, 11:40 வரியில் 1. இரண்டையும் கூட்டினால் 5. நிகழ்வுப் பதிவும் தரவுப் பதிவும் ஒன்றோடொன்று முரண்படவே இல்லை; ஒரே வாயுவை இரண்டு விதமாகச் சொல்லியிருக்கின்றன.

இதே 1500-ஐ 15 நிமிடத்துக்குப் பரப்பினால் 1.7 பிபிஎம். 15 நிமிடச் சராசரியைக் கவனிக்கும் எஸ்.டி.இ.எல். அலாரம் 5-இல் இருந்ததால் அது வாய் திறக்கவில்லை. எட்டு மணி நேரச் சராசரியான டி.டபிள்யூ.ஏ. கணக்கில் 0.05, அதாவது ஒன்றுமே இல்லை. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் ஏ.சி.ஜி.ஐ.எச். அமைப்பு 2010-இல் ஹைட்ரஜன் சல்பைடுக்குப் பரிந்துரைத்த எல்லைகள் எட்டு மணி நேரத்துக்கு 1, 15 நிமிடத்துக்கு 5 பிபிஎம். அந்த அளவுகோல்களின்படி அன்று எல்லை மீறல் இல்லை. சராசரி எல்லைகள் உடம்பு நாள்பட வாங்கிக்கொள்வதைக் கணக்கிட வந்தவை. அடைபட்ட இடத்தில் ஒருவரைச் சாய்த்துவிடக்கூடிய திடீர் வீச்சை அவற்றிடம் கேட்பதில் பயனில்லை.

‘உச்சம்’ என்று வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? பாதுகாப்புக்கு ஆம், 38 என்ற எண் வரியிலேயே நின்றிருக்கும். ஆனால் அதே பதிவை வைத்து ஒருவர் நாள் முழுக்கச் சுவாசித்த அளவைக் கணக்கிட்டால், 38-ஐ 300 வினாடியும் சுவாசித்ததாக ஆகும். 11,400 பிபிஎம்-வினாடி, உண்மையைப் போல ஏழரை மடங்கு. கருவி அனுமதித்தால் இரண்டையும் பதியுங்கள். ஒன்றுக்குத்தான் இடமென்றால் இடைவெளியைச் சுருக்குங்கள். 10 வினாடிக்கு வந்துவிட்டால் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையிலுள்ள தூரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

41 நிமிடம் 20 வினாடி

இந்த வழக்கில் ஆளைத் திசைதிருப்பியது சராசரியைவிடக் கடிகாரம்தான். முதலில் எடுத்த படத்தில் கணினி 14:05:00 காட்டும்போது கருவி 14:46:20 காட்டியது. 41 நிமிடம் 20 வினாடி முந்தியிருந்தது. சம்பவத்துக்கும் படத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் சில வினாடிகள் நகர்ந்திருக்கலாம், 41 நிமிடம் நகராது. காரணம் நிகழ்வுப் பதிவிலேயே கீழே கிடைத்தது: பேட்டரி முழுக்க இறங்கிப்போனதும், பிறகு நேரம் கையால் வைக்கப்பட்டதும் இரண்டு பழைய வரிகளாக இருந்தன. யாரோ தோராயமாக ஒரு நேரத்தைத் தட்டிவிட்டிருக்கிறார்கள்.

11:34:05-இலிருந்து 41:20 கழித்தால் 10:52:45. பெர்மிட்டில் வெளியேறிய நேரம் 10:54. அலாரம் அடித்தபோது இருவரும் உள்ளேதான் இருந்தார்கள்.

திருத்திய நேரத்தை எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறையின் பதிவைப் புரட்டினோம். இங்கே கழிவுநீரை அனுப்பும் மேல் நிலையத்தின் மோட்டார் 10:51:50-க்குத் தானாக ஓடத் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து வரும் அழுத்தக் குழாய் நீளமானது, எப்போதும் நிரம்பியே இருப்பது. மோட்டார் நின்றிருந்த நேரமெல்லாம் அதற்குள் கழிவுநீர் காற்றின்றிக் கிடந்து அழுகியிருக்கிறது. நிரம்பிய குழாய் என்பதால் அங்கே தள்ளியவுடன் இந்த முனையில் கொட்டும். உயரத்திலிருந்து கிணற்றில் விழுந்து கலங்கும்போது கரைந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு காற்றுக்குத் தாவும். நீர்மட்டம் ஏற ஏற, கிணற்றுக் காற்று வழி தேடி வெளியேறும். வழி இருந்தது: கிணற்றுக்கும் வால்வு அறைக்கும் நடுவே கேபிள் போகும் குழாய், அடைக்கப்படாமல். மோட்டார் ஓடி 55 வினாடியில் அலாரம்.

கடிகாரத்தைத் திருத்தாமல் இந்த இணைப்பு கிடைத்திருக்காது. 11:34-க்கு எந்த மோட்டாரும் ஓடவில்லை. பதிவில் எண்கள் சரியாக இருந்து நேரம் தவறியிருந்தால், மற்றப் பதிவுகளோடு அதைச் சேர்த்துப் படிக்கவே முடியாது. கருவியைக் கணினியோடு இணைக்கும்போதெல்லாம் நேரம் தானாகச் சரியாகும்படி மென்பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள், ஆனால் சம்பவக் கருவியை இணைப்பதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு முந்தியிருந்தது என்பதே தெரியாமல் போகும்.

ஆக்சிஜன் அசையவில்லையே?

மேற்பார்வையாளரின் குறிப்பில் இருந்த இந்த வாதத்தைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். அது 20.9-இலிருந்து ஒரு சதவீதம் இறங்க வேண்டுமானால் வேறொரு வாயு ஏறத்தாழ 5 சதவீதம், அதாவது 50,000 பிபிஎம், உள்ளே வந்து இடம்பிடிக்க வேண்டும். திரையில் 20.9 என்பது 20.8 ஆவதற்கே 5,000 பிபிஎம் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் எல்லை 100 பிபிஎம். ஏறக்குறைய அந்த அளவில் மூக்கும் வாசனையைக் கைவிட்டுவிடும். நச்சு வாயு விஷயத்தில் ஆக்சிஜன் எண்ணைப் பார்த்து நிம்மதி அடையவே கூடாது.

இரண்டு கருவி, ஒரே கயிறு

கணக்கு பொருந்துவது ஒன்று, நேரில் பார்ப்பது வேறு. வால்வு அறையில் ஆளே இல்லாத நிலையில், கேலிபரேஷன் முடித்து நேரம் ஒன்றாக்கிய இரண்டு டிடெக்டர்களை ஒரே கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினோம். ஒன்றில் பழைய அமைப்பு, 300 வினாடிச் சராசரி. மற்றதில் 1 வினாடி, உச்சம். கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லி மேல் நிலையத்து மோட்டாரை ஓட்டச் சொன்னோம்.

1 வினாடிப் பதிவில், மோட்டார் ஓடி 50 வினாடி கழித்து எண் கிளம்பி, 31 வரை ஏறி, இரண்டு நிமிடத்துக்குள் பூஜ்யத்துக்குத் திரும்பியது. பழைய அமைப்பில் இருந்த கருவி இதே வீச்சுக்கு எழுதிய வரி: 4. இம்முறை முழு வீச்சும் ஒரே இடைவெளிக்குள் அடங்கிவிட்டது. 1 வினாடிப் பதிவை எடுத்து அதே ஐந்து நிமிடத்துக்குச் சராசரி போட்டால் 4.1. இரண்டு கருவிகளின் நிகழ்வுப் பதிவிலும் உச்சம் 31, 30. இந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு மேற்பார்வையாளர் தன் குறிப்பைத் தானே அடித்துத் திருத்தினார்.

கேபிள் குழாயை அடைத்த பின் அதே சோதனையை மறுபடி செய்தோம். 1 வினாடிப் பதிவு முழுக்க பூஜ்யம். ஆனாலும் வால்வு அறைக்கான பெர்மிட்டில், மேல் நிலையத்து மோட்டாரை நிறுத்திப் பூட்ட வேண்டும் என்ற வரி சேர்ந்தது. அடைப்பு என்றாவது விரிசல் விடும்.

அமைப்பில் மாற்றியவை

அடைபட்ட இடத்துக்கான கருவிகளில் இடைவெளி 10 வினாடி, உச்சமும் சராசரியும் சேர்த்து. கசிவு தேடும் வேலைக்கு மட்டும் 1 வினாடி. எல்லாவற்றுக்கும் 1 வினாடி வைத்தால் என்ன என்று கேட்டார்கள். நினைவகத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும்: 50,000 வரி கொள்ளும் கருவியில் 1 வினாடி என்றால் 14 மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும், 10 வினாடி என்றால் 138 மணி நேரம் தாங்கும். நிரம்பிய பின் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு அமைப்பு உண்டு. பழையதை அழித்துத் தொடர்ந்து எழுது என்பது ஒன்று, நிரம்பியதும் நிறுத்து என்பது மற்றது. இரண்டாவது இருந்தால் திரை வழக்கம்போல எண் காட்டும், அலாரமும் அடிக்கும், பதிவு மட்டும் இருக்காது. அதை எடுத்துவிட்டோம்.

பயனர், இடம் ஆகிய பெயர்கள் கருவியில் பழைய வேலையுடையவையாகவே இருந்தன. ஒவ்வொரு முறையும் கேட்கும்படி மாற்றினோம். இடைவேளைக்குக் கருவியை அணைத்தால் டி.டபிள்யூ.ஏ. பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும், திரையில் நின்ற உச்சமும் போய்விடும். ஆகவே ஷிஃப்ட் முடியும்வரை அணைப்பதில்லை.

இறங்குமுன் குழாய் விட்டுப் பார்த்த சோதனைதான் பதிவில் மிகப் பரிதாபமாக இருந்தது. மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் பார்த்ததாகப் பெர்மிட் சொல்கிறது. மீத்தேன் காற்றைவிட லேசானது, ஹைட்ரஜன் சல்பைடு 1.19 மடங்கு கனமானது, எனவே மூன்று மட்டமும் அவசியம். ஆனால் சோதனை முழுவதும் ஒரே 300 வினாடி வரியில் மறைந்துவிட்டது. செய்தார்களா, ஒவ்வொரு மட்டத்திலும் போதிய நேரம் நின்றார்களா, எதையும் சொல்ல வழியில்லை. போதிய நேரம் எவ்வளவு? 10 மீட்டர் குழாய், உள்விட்டம் 3 மில்லிமீட்டர் என்றால் உள்ளே 70 மில்லிலிட்டர் காற்று. உறிஞ்சு பம்ப் நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் இழுத்தால் கீழ்க் காற்று சென்சாரை வந்தடைய 14 வினாடி. அதே நீளம் 6 மில்லிமீட்டர் குழாயில் 57 வினாடி. அதற்கு மேல் சென்சார் நிலைக்கு வர அரை நிமிடம். மெல்லிய குழாயிலேயே ஒரு மட்டத்துக்கு முக்கால் நிமிடமாவது வேண்டும். மெல்லிய குழாய்க்கு ஒரு நிமிடம் என்று விதியாக எழுதி, ஒவ்வொரு மட்டத்தின் தொடக்க நேரத்தையும் பெர்மிட்டில் குறிக்கச் சொன்னோம்; எந்த மட்டத்தில் குழாய் இருந்தது என்பது டிடெக்டருக்குத் தெரியாது.

மூலக் கோப்பில் இன்னொன்றும் அகப்பட்டது. கார்பன் மோனாக்சைடு நெடுவரிசையில் அன்று பாதி நாளுக்கு மேல் மைனஸ் 4. திரையில் சிறிய மைனஸ் எண்களை இந்தக் கருவி பூஜ்யமாகக் காட்டிவிடும், பதிவில் அப்படியே எழுதும். காலையில் சுத்தக் காற்றில் பூஜ்யம் வைக்கும் படியை, ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகை வரும் பக்கத்தில் நின்று செய்திருக்கிறார்கள். அங்கிருந்த 4 பிபிஎம்மைக் கருவி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. அன்று முழுக்க அது காட்டிய ஒவ்வொரு கார்பன் மோனாக்சைடு எண்ணும் நான்கு குறைவு, 35-இல் வைத்த அலாரம் 39-இல்தான் அடித்திருக்கும். இந்தச் சம்பவத்துக்கு அது காரணமில்லை. ஆனாலும் அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதினேன், ஏனெனில் இதே தவறு ஹைட்ரஜன் சல்பைடில் கிணற்று வாயருகே நடக்க வெகு நேரம் ஆகாது.

38 என்பதை எப்படி எழுதுவது

அறிக்கையின் இறுதி வடிவில் நீண்ட நேரம் பேசியது இதைத்தான். சென்சாரின் டி90 30 வினாடி, அதாவது மாறாத அளவு வாயு வந்தால் அதன் 90 சதவீதத்தைக் காட்ட அரை நிமிடம் பிடிக்கும். வீச்சு 10 வினாடியில் வந்து போனால் உண்மை அளவில் பாதியைச் சற்றே தாண்டித்தான் காட்டும். சராசரிக்கு இந்தத் தாமதம் கேடு செய்வதில்லை, மெதுவாக ஏறியதை மெதுவாக இறங்கி ஈடுகட்டிவிடுகிறது, மொத்தப் பரப்பு மாறாது. உச்சத்துக்குத்தான் கேடு. போதாததற்குக் கருவி மார்பில் இருந்தது; கேபிள் குழாயின் வாய்க்கு அருகே குனிந்திருந்தவர் மற்றவர், அவரிடம் கருவியே இல்லை. கண் எரிச்சல் அவருக்குத்தான். எனவே “அளவு 38 பிபிஎம்” என்று எழுதாமல், “கருவி இருந்த இடத்தில் பதிவான உச்சம் 38 பிபிஎம், உண்மை அளவு இதற்குக் குறையாது, குழாய் வாயருகே இதைவிட அதிகமாக இருந்திருக்கக்கூடும்” என்று எழுதினோம். இறங்கும் ஒவ்வொருவருக்கும் தனி டிடெக்டர் என்ற பரிந்துரை அந்த வாக்கியத்தின் கீழேயே இடம்பெற்றது.